நிமிர்த்தி நிறுத்திய நிலை

கம்பத்திலிருந்து குமுளி போகிற ரோட்டில் நான் வேலை பார்த்த பழம்பொருள் கடையில் இன்றைக்கும் ஒரு சட்டம் உண்டு. இடித்த வீடுகளிலிருந்து வருகிற வாசல் நிலையைக் கோர்த்து நிமிர்த்தி நிறுத்தக் கூடாது. மரங்கள் தனித்தனியாகத் தரையில் படுத்தே கிடக்க வேண்டும். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் என்னை மறித்துக்கொண்டார்கள். "ஏன் சார், கோத்து நிறுத்துனாத்தான வாங்குறவுகளுக்கு அழகு தெரியும்? இது வாஸ்து சம்பந்தப்பட்டதா சார்?" என்று கேட்டார்கள். வாஸ்துவும் கிடையாது, வெங்காயமும் கிடையாது. அந்தச் சட்டத்தைப் போட்டவனே நான்தான். என்னிடமே வந்து வாஸ்து பேசுகிறார்கள். நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

என் பெயர் சவரிமுத்து, ஊர் ராயப்பன்பட்டி. பள்ளிக்கூடத்தில் படிப்பு ஏறவில்லை, மரவேலை ஏறியது. கோட்டயத்தில் ஒரு மரக்கடையில் சில வருஷம் இழைப்புளி தள்ளினேன். மலையாளமும் முதுகுவலியும் அங்கே வந்தவை. தொண்ணூற்றாறில் சிக்கந்தர் ராவுத்தர் கடை திறக்கிறார், ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். இரண்டாயிரத்துப் பத்தில் ஓய்வு பெறுகிறவரை அங்கேதான். அந்தக் காலத்தில் நான் வேலை பார்த்த நேரத்தைவிடத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம்.

ராவுத்தர் கம்பத்துக்காரர். குடும்பத்துக்கு ஏலக்காய் வியாபாரம். அவருக்கு அதில் மனசு ஒட்டாமல், மூடிக்கிடந்த பஞ்சு மில் ஒன்றைப் பிடித்துப் பழைய சாமான்களை அடுக்க ஆரம்பித்தார். தேக்கடி போகிற வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள் என்பது கணக்கு. தங்கமான மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. யார் வந்து எதைக் கேட்டாலும் "செஞ்சிரலாம்" என்பார். கேட்டவர் சந்தோஷமாகப் போனதும் என் பக்கம் திரும்பி, "பாத்துக்கங்க சவரி" என்பார். பிறகு சாப்பிடப் போய்விடுவார். அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் மாட்டிக்கொண்டுதான் என் தலைமுடி கொட்டியது.

சாமான் வந்தால் அதைப் பார்த்துக்கொள்கிற முறை என் பொறுப்பு. வீடு இடிக்கிற இடத்துக்கு நானே போவேன். கடப்பாரையோடு நிற்கிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முதலில் கதவுகளை அவை சுழல்கிற குடுமியிலிருந்து தூக்கி எடுக்க வேண்டும். நிலையில் எது இடது கால், எது வலது கால், எது மேல்மரம் என்று சாக்பீசால் குறிக்க வேண்டும். மரமும் மரமும் கோர்க்கிற இடத்தில் அடித்திருக்கும் ஆப்பை உளி வைத்து நெம்பக் கூடாது. பின்பக்கமிருந்து மெதுவாகத் தட்டி வெளியே தள்ள வேண்டும். கடைக்கு வந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. தேங்காய் நாரால் தூசி தட்டி, வேப்பெண்ணெய் தடவி, நிழலில் போட வேண்டும். வார்னிஷ் என்கிற பேச்சே கூடாது. விரிசல் விரிசலாகவே இருக்கட்டும், களிம்பு களிம்பாகவே இருக்கட்டும். வருகிறவர்கள் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த காலத்தில் ராவுத்தருக்கு ஒரு யோசனை வந்தது. வெறும் சாமானை வைத்துக்கொண்டிருந்தால் போதாது, செய்கிற ஆட்களையும் கூட்டி வந்து உட்கார வைக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு நாள் கைத்தொழில் நாள் என்று கொண்டாட வேண்டும். யாரோ ஒரு வெள்ளைக்காரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவர் வழக்கம்போல "செஞ்சிரலாம்" என்றுவிட்டார். "பாத்துக்கங்க சவரி."

ஆட்கள் கிடைப்பது லேசா? கூடை முடைகிறவர்களுக்காகத் திராட்சைத் தோட்டக்காரர்கள் அவர்கள் வீட்டு வாசலிலேயே காத்துக் கிடந்தார்கள். மண்பானை செய்கிறவர் பொங்கலுக்கு முன்னால் முகம் பார்த்துக்கூடப் பேச மாட்டேன் என்றார். தெருத்தெருவாக அலைந்து கெஞ்சி, முதல் வருஷம் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற காசிம் பாயைப் பிடித்து வந்தேன். அவருக்குக் கொடுப்பதற்காக இரண்டு புதுச் செம்புப் பாத்திரம் வாங்கி வைத்திருந்தேன். அதை அவர் திரும்பியே பார்க்கவில்லை. வாசலில் நாங்கள் பெருமையாக வைத்திருந்த, எஸ்டேட் பங்களா ஒன்றிலிருந்து வந்த பெரிய செம்பு அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"தம்பி, இதுக்குள்ள ஈயம் இல்ல. இதுல ஆக்குனா ஆளுக செத்துப் போவாக."

"இதுல ஆக்க மாட்டாக பாய். சும்மா பாக்குறதுக்கு."

"பாக்குறதுக்கு எதுக்குப் பாத்திரம்?"

நான் உள்ளே போய் வருவதற்குள், ஒரு தலைமுறைக் களிம்பைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்து, நெருப்பில் ஏற்றி, ஈயம் பூசி, வெளியே புதுச் செம்பு மாதிரிப் பளபளவென்று கவிழ்த்து வைத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ராவுத்தர் வந்து பார்த்தார். "நல்லாத்தான இருக்கு" என்றார்.

அடுத்த வருஷம், கொல்லரைக் கூப்பிட்டால் பழைய சாமானைத் தொட மாட்டார் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். ஆட்டோவில் மைக் கட்டி, கொல்லர், தச்சர், குயவர் எல்லோரும் ஒரே இடத்தில் என்று ஊர் ஊராகச் சொல்லிவிட்டார்கள். ஜனங்கள் அதை உள்ளபடி எடுத்துக்கொண்டார்கள். காலையில் கடை முன்னால் அரிவாளும் மண்வெட்டியுமாக ரோடு வரைக்கும் வரிசை. எல்லோரும் தீட்டிக்கொண்டு போக வந்தவர்கள். சுற்றுலா வேன் ஒன்று வந்து நின்றது. உள்ளேயிருந்தவர்கள் அத்தனை அரிவாளையும் ஒரு தடவை பார்த்தார்கள். வேன் கதவு திறக்கவே இல்லை, அப்படியே குமுளிக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர் ஒருவர் வந்து என்ன தகராறு என்று கேட்டார். கைத்தொழில் நாள் என்றேன். நம்பவில்லை. கடைசியில் அவரே வீட்டிலிருந்து ஒரு அரிவாள்மணையை வரவழைத்துத் தீட்டிக்கொண்டு போனார்.

இப்போது நிலைக்கு வருகிறேன்.

சின்னமனூருக்குக் கிழக்கே ஒரு ஊரில் மொக்கைச்சாமி என்று ஒரு திராட்சைத் தோட்டக்காரர், தன் பூர்வீக வீட்டை இடித்தார். நிலையை நான்தான் கழற்றிக் கொண்டுவந்தேன். நல்ல தேக்கு. மேல்மரத்தில் இரண்டு பக்கமும் யானை, நடுவில் தாமரை. குமுளிப் பக்கம் விடுதி கட்டிக்கொண்டிருந்த ஜார்ஜ் சார் என்கிற கோட்டயத்துக்காரர் பார்த்த உடனே தனக்கென்று பேசி முடித்துவிட்டார். லாரி வந்து ஏற்றிப் போக வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் ராவுத்தர் குறுக்கே விழுந்தார். இந்தத் தடவை கைத்தொழில் நாளில் தச்சர்களைக் கூட்டி வந்து, அந்த நிலையைக் கோர்த்து நிறுத்தி எல்லோருக்கும் காட்ட வேண்டும், காட்டிவிட்டு அன்றைக்கே ஜார்ஜ் சாருக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

மாரியப்ப ஆசாரியிடம் போனேன். இந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீட்டுக்கு நிலை வைத்தவர் அவர். சேதியைக் கேட்டுவிட்டு, "மார்கழியிலயா? மார்கழியில நெல வைக்கச் சொல்றீகளா?" என்றார்.

"வைக்கல ஆசாரியாரே. நிறுத்திக் காட்டிட்டுக் கழத்திருவோம்."

"நெலய எப்படிய்யா சும்மா நிறுத்துறது? நிறுத்துனா முறையா நிறுத்தணும். இல்லாட்டி வேற ஆளப் பாருங்க."

ராவுத்தரிடம் வந்து சொன்னேன். "ஆசாரி சொல்றதும் சரிதான. தைக்குத் தள்ளிருவோம். முறையாவே செஞ்சிரலாம்" என்றார். போஸ்டர் அடித்தாகிவிட்டது. மார்கழியை அடித்துத் தை என்று ஒவ்வொரு போஸ்டரிலும் துண்டுச் சீட்டு ஒட்டினேன். அந்தப் போஸ்டரில் நிலையின் படம் பெரிதாக இருந்தது. சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் ஒட்டினார்கள்.

அன்றைக்கு நல்ல கூட்டம். தேக்கடி போகிற ஆட்கள், பக்கத்து ஊர் ஜனங்கள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள், கேமராவோடு இரண்டு பேர். ஜார்ஜ் சார் வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். லாரி வெளியே நின்றது. ஆசாரியும் அவர் ஆட்களும் குழி தோண்டி, நிலையைக் கோர்த்து, ஆப்படித்து நிறுத்தினார்கள். மாவிலை கட்டினார்கள். நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து மேல்மரத்தில் கட்டினார்கள். பொய் சொல்லக் கூடாது, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பிறகு ஆசாரி கையில் பால் செம்பை எடுத்துக்கொண்டு, "வீட்டுக்காரவுக ஆரு? வாங்க" என்று கூப்பிட்டார்.

அவருக்கு அது வேடிக்கை இல்லை, அதுதான் சிக்கல். ராவுத்தர் சிரித்துக்கொண்டே ஜார்ஜ் சாரைக் கைகாட்டினார். ஜார்ஜ் சாரும் கேமராவைப் பார்த்தபடி முன்னால் வந்தார். அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை வந்தது. நாற்பதுக்கு மேல் இருக்கும். நூல் சேலை, நெற்றியில் ஒன்றும் இல்லை.

"என் வீட்டு நெல" என்றது.

"ஒங்க வீடா ஆத்தா?" என்று கேட்டார் ஆசாரி.

"கல்யாணம் முடிஞ்சு வலது கால எடுத்து வச்சு இதுக்குள்ளதான் போனேன்."

கூட்டத்தில் ஒரு கிழவி, "அதுக்கு? தாலி அறுத்தவ நெலயத் தொடலாமாக்கும்?" என்றாள்.

இந்தப் பெண் அவள் பக்கம் திரும்பியது. கோபமே இல்லை. "அறுத்தவன்னு சொல்லிட்டீகல்ல. அப்பக் கட்டியிருந்தேன்னு ஆகுதுல்ல. அத எங்க ஊருல வந்து சொல்லுங்க, ஒங்க கால்ல விழுகுறேன்" என்றது.

ஆசாரி கிழவியைக் கையமர்த்தினார். "மஞ்சக் குங்குமம் எங்க வீட்டம்மா வைக்கட்டும். பால ஒடமக்காரவுகதான் ஊத்தணும். ஊத்துங்க ஆத்தா" என்று செம்பைக் கொடுத்தார். அந்தப் பெண் ஊற்றியது. ஜார்ஜ் சார் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார். கேமராக்காரர்கள் மாற்றி மாற்றிப் படமெடுத்தார்கள். நான் ராவுத்தரைப் பார்த்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள், "பாத்துக்குறேன் மொதலாளி" என்று நானே சொல்லிவிட்டேன்.

பால் ஊற்றி முடித்ததும் அந்தப் பெண் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டது. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். ஆப்பை எடுங்கள் என்றேன் ஆசாரியிடம்.

"எப்படி எடுக்குறது? அந்தம்மா பேருல நெல வச்சாச்சு. அவுக சொல்லாம ஆப்புல கை வைக்க மாட்டேன்."

"யோவ், இது கடைய்யா!"

"கடையாவே இருக்கட்டும். பால் ஊத்தியாச்சுல்ல?"

லோடுமேன்களைக் கூப்பிட்டேன். எங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது என்று தள்ளிப் போய் நின்றார்கள். லாரி டிரைவர் மலையாளி, அவருமே கையை விரித்தார். நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன், எனக்கு இதெல்லாம் கிடையாது என்று சொல்லிச் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தது.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. என் கொழுந்தன் வரட்டும்."

"நெல மேல அம்புட்டுப் பாசம்னா வித்தப்பவே வந்து கேட்டிருக்கலாம்ல? இப்ப வந்து ஏன் உசுர வாங்குற?"

"நெலயக் கொண்டு போங்க. எனக்கு நெல வேண்டாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தேன். பெயர் பேச்சியம்மாள். மேகமலை எஸ்டேட்டில் லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தது. மொக்கைச்சாமியின் அண்ணன் பாண்டி அங்கே லாரி ஓட்டியிருக்கிறார். கல்யாணம் அந்தப் பூர்வீக வீட்டிலேயே நடந்திருக்கிறது. ரிஜிஸ்தர் கிடையாது, போட்டோ கிடையாது. சில நாள் அங்கே இருந்துவிட்டு இரண்டு பேரும் மலைக்கே திரும்பிப் போய்விட்டார்கள். பாண்டி செத்த பிறகு, வீட்டில் தன் பங்கைக் கேட்டு இந்தப் பெண் கீழே வந்தால், மொக்கைச்சாமி வாசலிலேயே மறித்து, நீ யார் என்று கேட்டிருக்கிறார். எங்கண்ணன் மலையில எவளையோ வச்சிருந்தாக, அதுக்கு நாங்க என்ன செய்ய என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். ஊரில் பாதிப் பேர் அவர் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். கல்யாணச் சோறு தின்றவர்கள்கூட ஞாபகம் இல்லை என்றுவிட்டார்கள்.

"அதுக்கு ஏங் கடைதான் கெடச்சுதா?" என்றேன்.

"வேற எங்கன இம்புட்டு வெளியூர்க் கூட்டம் கூடும்ணே? பஸ் ஸ்டாண்டுல படத்தப் பாத்தேன். நான் மிதிச்ச படி. அவுக வரட்டும். இத்தன பேர் மத்தியில நான் ஆருன்னு சொல்லட்டும். சொல்லிட்டா நானே ஆப்ப எடுத்துத் தந்துட்டுப் போறேன்."

இது ஒரு பேச்சா? ஆனால் வேறு வழியும் இல்லை. மொக்கைச்சாமிக்குப் போன் போட்டேன். உங்கள் நிலையில் வில்லங்கம், உடனே வாருங்கள் என்றேன். அவர் வருகிறவரைக்கும் நான் பட்ட பாடு இருக்கிறதே! சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா, பேச்சியம்மாள் பழைய வீட்டை நினைத்து உருகுவதாக எண்ணி, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதன் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஜார்ஜ் சார் என் பின்னாலேயே, "எந்தா சவரி, இது எப்ப தீரும்?" என்று அலைந்தார். ராவுத்தர் எல்லோருக்கும் டீ சொன்னார்.

மொக்கைச்சாமி ஜீப்பில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்ததும் குரல் தேனாகிவிட்டது. "இந்தம்மா ஆருன்னே எனக்குத் தெரியாதுங்க. பாவம், மனசு சரியில்லாதது போல. நீங்க நெலயக் கழத்துங்க ஆசாரியாரே."

ஆசாரி சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு சாவகாசமாகக் கேட்டார். "நல்லது. நெலயில கை வச்சு, இந்தம்மா இதுக்குள்ள வாழ வரலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இப்பவே கழத்துறேன்."

மொக்கைச்சாமி கையை நிலை வரைக்கும் கொண்டுபோனார். பிறகு வேட்டியை இறுக்கிக் கட்டுவதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். "அதெல்லாம் எதுக்குங்க? வித்த சாமானுக்குச் சத்தியம் வேறயா?" என்றார். நான் நொந்துபோனேன். சத்தியமும் செய்ய மாட்டார், ஒத்துக்கொள்ளவும் மாட்டார், பொழுது சாய்கிறவரைக்கும் இங்கேயே நிற்கப் போகிறோம் என்று நினைத்தேன்.

பேச்சியம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, குரலை உயர்த்தாமல், "பந்தியில சாம்பார் வாளியத் தூக்கிக்கிட்டு நின்னது நீங்கதான கொழுந்தனாரே? எனக்கு ரெண்டாந்தரம் ஊத்த வந்தீகளே" என்றது.

அவ்வளவுதான். மனுஷனுக்கு எங்கே சுருக்கென்று தைத்ததோ தெரியவில்லை.

"ஊத்துனேன்டி! வெசத்த ஊத்தியிருக்கணும்!" என்று கத்தினார். "நீ இந்தப் படிய மிதிச்ச நாள்லருந்துதான் எங்க குடும்பத்துக்குச் சனியன் புடிச்சுச்சு! பொண்ணா அழைச்சுட்டு வந்தோம்? பீடையில்ல அழைச்சுட்டு வந்தோம்! ஒன்னால குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போயி எள்ளு வெளக்குப் போட்டுப் போட்டே ஏங் காலம் போச்சு!"

கத்தி முடித்து மூச்சு வாங்கிய பிறகுதான் சுற்றிப் பார்த்தார். வாத்தியார் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சென்னை அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை, பக்கத்தில் இருந்தவரிடம் என்ன சொன்னார் என்று கேட்டார். மொக்கைச்சாமி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். டீகூடக் குடிக்கவில்லை.

பேச்சியம்மாள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டது. ஆசாரியிடம் சுத்தியலை வாங்கி, அவர் காட்டிய இடத்தில் பின்பக்கமிருந்து முதல் ஆப்பைத் தட்டியது. மற்றதை ஆசாரியின் ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். நிலை லாரியில் ஏறியது. ஜார்ஜ் சார் மஞ்சளைத் துடைக்க வேண்டாம், அதுதான் ஒரிஜினல் என்றார். லாரி கிளம்பியதை அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் ஆள் ஆளாகப் போய், "நீங்க கேட்டீகல்ல? எந்த ஊரு? கூப்பிட்டா வருவீகளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் என்னிடம் வந்தது.

"நீங்களுந்தாண்ணே. வரணும்."

"வேற வேல இல்லையா எனக்கு?" என்றேன்.

அன்றைக்குக் கடை மூடும்போது ராவுத்தர் ரொம்பக் குஷியாக இருந்தார். "கூட்டம் நல்லா நின்னுச்சு சவரி. அடுத்த வருசமும் ஒரு நெல நிறுத்துவோம்" என்றார். அந்த நிமிஷம் போட்டதுதான் இந்தச் சட்டம். என்னைக் கேட்காமல் ஒரு மரத்தை இன்னொரு மரத்தோடு கோர்த்தால் நான் வேலையை விட்டுவிடுவேன் என்றேன். ராவுத்தர் என்னை வியப்பாகப் பார்த்தார். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

போகாமல் இருக்க முடிந்ததா? பேச்சியம்மாள் பங்கு கேட்டதில் மொக்கைச்சாமியின் ஊர்ச் சாவடியில் பஞ்சாயத்துக் கூட்டியிருந்தார்கள். வருகிறேன் என்று சொன்ன வெளியூர்க்காரர்களில் ஒருவரும் வரவில்லை. ஆசாரி எங்கேயோ நிலை வைக்கப் போய்விட்டார். ராவுத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போயிப் பாத்துக்கங்க சவரி" என்றார். நான் ஒருத்தன்தான் சாட்சி. ஒரு பக்கம் மொக்கைச்சாமியும் அவர் ஆட்களும். இந்தப் பக்கம் பேச்சியம்மாள் மட்டும், ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு. தோற்றால் அந்தப் பையோடு மலைக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். பாண்டி இல்லாததால் அங்கே லயன் வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். அதை அந்தப் பெண் என்னிடம் சொல்லவில்லை, அங்கே ஒருவர் பேசிக்கொண்டதில் தெரிந்தது.

மொக்கைச்சாமி எழுந்து, தான் கடைக்குப் போனது உண்மை, இந்தம்மாவிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றார். "கடைக்காரன் பழைய கதவுக்கு வெல ஏத்துறதுக்காகக் கதை கட்டுறான்" என்றார்.

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. அன்றைக்குக் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன், நான் கதை கட்டுகிறவனா? எழுந்து நின்றேன். அவர் அன்றைக்குச் சொன்னதை அதே கத்தலோடு, விஷத்தில் ஆரம்பித்துக் குச்சனூர் எள்ளு விளக்கு வரைக்கும், அவர் கையை ஆட்டினதுபோலக் கையையும் ஆட்டிச் சொன்னேன். சாவடிக்கு வெளியே நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஊர்ப் பெரியவர் மொக்கைச்சாமியைப் பார்த்து, "ஏலே, இதெல்லாம் சொன்னியா இல்லையா?" என்றார்.

மொக்கைச்சாமிக்குப் பெண்கள் சிரித்தது பொறுக்கவில்லை. "என்னமோ நான் சும்மா கெடந்து திட்டுனது மாதிரில்ல சொல்றான்! நடந்ததச் சொன்னா முழுசாச் சொல்லணும்ல! இவ வீட்டுக்குள்ள வந்த அன்னிக்கே எங்கப்பன் படியில வழுக்கி விழுந்து கால் ஒடிஞ்சு போச்சு. அந்த வயித்தெரிச்சல ஆரு சொல்றது?" என்றார்.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

பேச்சியம்மாள் எழுந்தது.

"ஒடியல மாமா" என்றது பெரியவரிடம். "சுளுக்குத்தான். ராத்திரி பூராம் நல்லெண்ண போட்டு நாந்தான் நீவி விட்டேன். காலையில எந்திரிச்சு நடந்தாக."

பெரியவர் மொக்கைச்சாமியிடம், "ஏலே, வாழ வந்தவதான்னு நீயே சொல்லிட்ட. ஒங்கண்ணன் பங்க அளந்து குடுத்துரு" என்றார். அந்த வாரமே வீட்டிடத்தை இரண்டாக அளந்து நடுவில் கல் ஊன்றினார்கள்.